மினி பிசி மத்தியானம் ஆனா கொதிச்சு ஹேங் ஆகுது, பேஸ்ட் மாத்தினா சரியாகுமா?

கடைவீதி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வேலூர் பக்கம் சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன், கூடவே ஆன்லைன் அப்ளிகேஷன், பட்டா சிட்டா பிரிண்ட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் ஓடுது. பழைய டவர் சிபியு படுத்துடுச்சுன்னு போன வருஷம் ஒரு மினி பிசி வாங்கினேன். இன்டெல் என்100 ப்ராசசர், 16 ஜிபி ரேம், ஃபைல் எல்லாம் இருக்கற டிஸ்க் 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. உள்ளங்கை அளவு டப்பா தான், கரண்டே இழுக்க மாட்டேங்குது, கரண்ட் போனாலும் யுபிஎஸ்ல ரொம்ப நேரம் நிக்குது, அதுல எல்லாம் குறை சொல்ல முடியாது.

பிரச்சனை என்னன்னா வெயில் ஆரம்பிச்சதுல இருந்து காலைல நல்லா ஓடுது, ஒரு பன்னெண்டு மணி தாண்டினா டப்பா தொட முடியல, ஃபேன் கொய்ங்னு கத்துது, சாயங்காலம் வரைக்கும் நிக்கறதே இல்ல. அதைக்கூட பொறுத்துக்கலாம், ஆனா கஸ்டமர் நிக்கும்போது ஸ்கேன் பண்ண பிடிஎஃப் சேவ் கொடுத்தா அப்படியே உறைஞ்சு போய் நிக்குது, மவுஸ் மட்டும் நகருது, ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் கழிச்சு தானா சரியாகுது. அதுக்குள்ள அந்த ஆள் பக்கத்து கடைக்குப் போயிடறார். ஏதோ ஒரு சாஃப்ட்வேர் போட்டு பார்த்ததுல சிபியு 92, 94 டிகிரினு காட்டுது. டப்பா இருக்கறது டேபிளுக்குக் கீழ இருக்கற மரத் தட்டுல, லேசர் பிரிண்டரும் அதே தட்டுல தான் இருக்கு, வேற இடம் இல்ல. கடைல ஏசி கிடையாது, சீலிங் ஃபேன் தான்.

தெரிஞ்ச பையன் ஒருத்தன், ப்ராசசருக்கும் அதோட சூட்டை இழுக்கற ஹீட்சிங்க் தகடுக்கும் நடுவுல பூசற தெர்மல் பேஸ்ட் காஞ்சு போயிருக்கும் மாத்திடலாம்ங்கறான். வாரன்டி இன்னும் கொஞ்ச மாசம் இருக்கு, பிரிக்கலாமா வேணாமா? இல்ல இந்த மாதிரி குட்டி டப்பாவே நம்ம ஊர் வெயிலுக்கு ஆகாதா, வித்துட்டு திரும்ப டவரே வாங்கிடவா?

---

பேஸ்ட்மாஸ்டர் எழுதியது:

தலைவா யோசிக்கவே வேணாம், பிரிச்சு பேஸ்ட் மாத்துங்க. இந்த குட்டி டப்பாக்கள்ல ஃபேக்டரில போடற பேஸ்ட் பாதி நேரம் ஒழுங்கா பரவியே இருக்காது, ஒரு மூலைல அப்பி வெச்சிருப்பான் இன்னொரு மூலைல மெட்டல் தெரியும். நான் சர்வீஸ் சென்டர்ல இருக்கேன், தினமும் பாக்கறது தான். என்100ல சிப் மேல மூடி கிடையாது, லேப்டாப்ல இருக்கற மாதிரி வெறும் சிலிக்கான் தான் மேல தெரியும், அதனால ஹீட்சிங்க் கழட்டும்போது சாய்ச்சு நெம்பக்கூடாது, ஓரம் உடைஞ்சா போர்டே போச்சு, ஏன்னா ப்ராசசர் போர்டோட சால்டர் ஆகி இருக்கு, தனியா மாத்தவே முடியாது. ஸ்க்ரூவை குறுக்குக் குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணணும், போடும்போதும் அப்படித்தான்.

பேஸ்ட் ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 போதும். காசு செலவு பண்ண ரெடின்னா ஹனிவெல் பிடிஎம்7950னு ஒரு ஷீட் வருது, 45 டிகிரி கிட்ட இளகி பரவிடும், வெறும் சிப்புக்கு அது தான் பெஸ்ட், பேஸ்ட் மாதிரி நாளாக நாளாக ஓரத்துக்கு ஒதுங்காது. டூப்ளிகேட் நிறைய உலாவுது, பாத்து வாங்குங்க. பேஸ்டுக்கு பதிலா லிக்விட் மெட்டல்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க, இந்த டப்பாக்கள்ல ஹீட்சிங்க் பெரும்பாலும் அலுமினியம், லிக்விட் மெட்டல்ல இருக்கற காலியம்ங்கற உலோகம் அலுமினியத்தை அரிச்சுடும்.

---

வாட்கணக்கு எழுதியது:

கடைவீதி சார், ஸ்க்ரூடிரைவரை கொஞ்ச நேரம் கீழ வைங்க.

மொதல்ல ஒரு விஷயம். என்100க்கு இன்டெல் கொடுத்திருக்கற உச்ச வரம்பு 105 டிகிரி. 94ங்கறது சந்தோஷப்படற நம்பர் இல்ல தான், ஆனா ப்ராசசர் அதுக்கெல்லாம் ஹேங் ஆகாது. அதுக்கு சூடு தாங்கலைன்னா ஸ்பீடை குறைச்சுக்கும், எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் மந்தமாகும், அவ்வளவு தான். நீங்க சொல்றது அப்படி இல்லயே. மவுஸ் நகருது, மத்ததெல்லாம் உறைஞ்சு நிக்குது, ஃபைல் சேவ் பண்ணும்போது மட்டும் நடக்குது, ஒரு நிமிஷத்துல தானா வருதுன்னா எனக்கு சந்தேகம் வேற இடத்துல. இப்போ சொல்லிட்டா நீங்க அதையே தேடுவீங்க, அதனால சொல்லல, அளந்து பாத்துட்டு வாங்க.

ஹெச்டபிள்யூஇன்ஃபோனு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, சென்சார்ஸ் மட்டும்னு டிக் போட்டு ஓட விடுங்க, மத்தியானம் வேலை நடக்கற நேரத்துல அது பாட்டுக்கு ஓடட்டும். அதுல மேக்ஸிமம்னு தலைப்பு போட்ட ஒரு வரிசை இருக்கும், அதுல இருந்து சிபியு பேக்கேஜ் பவர் எத்தனை வாட், சிபியு டெம்பரேச்சர் எவ்வளவு, எஸ்எஸ்டி டெம்பரேச்சர் எவ்வளவுனு எழுதிக்கோங்க. தெர்மல் த்ராட்லிங்னு (சூட்டால ஸ்பீடு குறையறது) ஒரு வரி, பவர் லிமிட் எக்ஸீடட்னு ஒரு வரி இருக்கும், ரெண்டுல எதுல எஸ்னு வருதுன்னும் பாருங்க. ரெண்டாவது வந்தா பயப்பட வேணாம், அது சூட்டுப் பிரச்சனை இல்ல, கொடுத்த வாட் கோட்டாவை தொட்டுடுச்சுன்னு அர்த்தம், நிறைய பேர் அதைப் பாத்துட்டு பதறிடறாங்க.

அப்புறம் ஹேங் ஆகற அந்த நிமிஷத்துல டாஸ்க் மேனேஜரை முன்னாடியே திறந்து வெச்சு டிஸ்க் எத்தனை பர்சன்ட், எத்தனை எம்பி வேகம்னு பாருங்க. இது ரொம்ப முக்கியம்.

இன்னொன்னு, ஒரு சாதாரண தெர்மாமீட்டரை அந்த மரத் தட்டுக்குள்ளயே, டப்பா காத்து இழுக்கற பக்கமா வைங்க. கடைல எவ்வளவு டிகிரிங்கறது எனக்கு வேணாம், டப்பா குடிக்கற காத்து எவ்வளவு டிகிரினு தெரியணும்.

---

பஞ்சுமில்_ஐடி எழுதியது:

நமக்கு கோயமுத்தூருங்க, ஸ்பின்னிங் மில்லுல சிஸ்டம் பாத்துக்கறேன். ஷாப் ஃப்ளோர்ல டவர் வெச்சா பஞ்சு புகுந்து புகுந்து எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போயிட்டே இருந்துச்சுன்னு எல்லாத்தையும் ஒரு லிட்டர் கொள்ளளவு மினி பிசி டப்பாவா மாத்திட்டோம், ஐ5-6500டி, 35 வாட் ப்ராசசர், செகண்ட் ஹேண்ட் தாங்க. அதனால சூடு, தூசி ரெண்டுலயும் நமக்கு கொஞ்சம் அனுபவம் உண்டு.

உங்க கதைல எனக்கு உறுத்தறது அந்த லேசர் பிரிண்டர் தாங்க. பிரிண்டர்குள்ள டோனரை பேப்பர்ல உருக்கி ஒட்ட வெக்கற பார்ட் 180, 200 டிகிரிக்குப் போகும், அந்த சூட்டை பிரிண்டரோட ஃபேன் வெளிய தள்ளும், தள்ளற இடத்துல உங்க டப்பா உக்காந்திருக்கு. மூணு பக்கம் மரம், மேல டேபிள். சூடான காத்தையே திரும்பத் திரும்ப இழுத்துட்டு இருக்குங்க. அதுவும் போக ஜெராக்ஸ் கடைன்னாலே பேப்பர் தூசி, அது சாதாரண மண் தூசி மாதிரி இல்லீங்க, நாரு நாரா இருக்கும், ஹீட்சிங்க் தகடுங்களுக்கு நடுவுல கம்பளி மாதிரி படிஞ்சுக்கும். எங்க பஞ்சும் அதே ஜாதி தான். டப்பாவோட காத்து வெளிய வர்ற ஓட்டைல டார்ச் அடிச்சுப் பாருங்க, அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியலைன்னா முடிஞ்சுது கதை.

க்ளீன் பண்றப்போ ப்ளோயரை நேரா வெச்சு அடிச்சுறாதீங்க, குட்டி ஃபேன் கன்னாபின்னான்னு சுத்தி பேரிங் போயிரும். ஒரு பல்குச்சிய ஃபேன் இறக்கைக்கு நடுவுல சொருகி சுத்தாம பிடிச்சுட்டு அடிங்க. காத்து வெளிய வர்ற ஓட்டை வழியா உள்ள அடிச்சா தான் அடைப்பு வந்த வழியே திரும்பி வரும்.

அப்புறம் பிரிக்காமயே செய்யற வேலை ஒண்ணு இருக்குங்க. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸ்ல போய் மேக்ஸிமம் ப்ராசசர் ஸ்டேட்னு இருக்கறதை 100ல இருந்து 99 ஆக்குங்க, டர்போ, அதாவது வேலை வரும்போது ஸ்பீடை ஏத்திக்கற வசதி, ஆஃப் ஆயிரும், சூடு சட்டுனு எறங்கும். எங்க மில்லுல எல்லா டப்பாலயும் அப்படித்தான் வெச்சிருக்கோம், அக்கவுன்ட்ஸ் வேலைக்கு ஒரு வித்தியாசமும் தெரியல.

---

வாட்கணக்கு எழுதியது:

மில் சார் சொன்னதுல பிரிண்டரும் தூசியும் நூத்துக்கு நூறு சரி. ஆனா அந்த 99 மட்டும் என்100ல தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

ஐ5-6500டியோட பேஸ் ஸ்பீடு, அதாவது டர்போ இல்லாத ஸ்பீடு, 2.5 கிகாஹெர்ட்ஸ், டர்போ 3.1. டர்போவை அணைச்சாலும் 2.5ல ஓடும், அதான் உங்களுக்கு வித்தியாசம் தெரியல. என்100 கதையே வேற. அது 6 வாட் சிப்னு விக்கறாங்க, டர்போ 3.4 வரைக்கும் போகும், ஆனா டாஸ்க் மேனேஜர்ல பேஸ் ஸ்பீடுனு பாத்தா 0.8 கிட்ட தான் காட்டும். அதுல டர்போவை அணைச்சீங்கன்னா 0.8லயே உக்காந்துக்கும், ப்ரவுசர் திறக்கவே டீ குடிச்சுட்டு வந்துடலாம். நெட்ல பாதி வீடியோல இந்த டிப்ஸை எல்லா ப்ராசசருக்கும் பொதுவா சொல்லிட்டு இருக்காங்க. என்100ல வாட்டை கட்டுப்படுத்தறதுக்கு வேற சரியான வழி இருக்கு, நம்பர் வரட்டும் சொல்றேன்.

---

கடைவீதி எழுதியது:

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. சொன்ன மாதிரியே அளந்துட்டேன். கடைல 37 டிகிரி காட்டின தெர்மாமீட்டர் அந்தத் தட்டுக்குள்ள வெச்சா 43 காட்டுது, பிரிண்ட் நிறைய போற நேரத்துல 45. எனக்கே ஷாக் தான்.

சிபியு மேக்ஸிமம் 96, பவர் மேக்ஸிமம் 19 வாட்டு சொச்சம். தெர்மல் த்ராட்லிங் நோ, பவர் லிமிட் எக்ஸீடட் அப்பப்போ எஸ். எஸ்எஸ்டி காலைல 54 இருந்துச்சு, மத்தியானம் சும்மா இருக்கும்போதே 72, ஸ்கேன் ஃபைல் எல்லாம் பென்டிரைவுக்கு காப்பி பண்ணும்போது 84 வரைக்கும் போச்சு. ஹேங் ஆகும்போது டாஸ்க் மேனேஜர்ல சிபியு வெறும் 15 பர்சன்ட், டிஸ்க் மட்டும் 100 பர்சன்ட், ஆனா வேகம் பாத்தா 2 எம்பி 3 எம்பி தான்.

அப்போ எஸ்எஸ்டி போயிடுச்சா? அதுல கஸ்டமர் ஃபைல் எல்லாம் இருக்கு, பயமா இருக்கு.

---

வாட்கணக்கு எழுதியது:

போகல, பயப்படாதீங்க, ஆனா இன்னைக்கு ராத்திரியே முக்கியமானதை எல்லாம் வெளிய ஒரு ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்து வெச்சுடுங்க, இது சூட்டுக்காக சொல்லல, பொதுவாவே.

நான் சந்தேகப்பட்டது இதைத்தான். உங்களுக்கு ரெண்டு பிரச்சனை தனித்தனியா இருக்கு, ரெண்டும் ஒரே டப்பாக்குள்ள நடக்கறதால ஒண்ணு மாதிரி தெரியுது. ஹேங் ஆகறது எஸ்எஸ்டியால. ஃபேன் கத்தறது சிபியு வாட்டால. பேஸ்ட் மாத்தியிருந்தா சிபியு ஒரு அஞ்சு எட்டு டிகிரி குறைஞ்சிருக்கும், ஹேங் அப்படியே இருந்திருக்கும், நீங்களும் டப்பாவே சரியில்லைன்னு வித்திருப்பீங்க.

எஸ்எஸ்டியைப் பத்தி சொல்றேன். சாதாரணமா கடைல கிடைக்கற என்விஎம்இக்கு கம்பெனிக்காரங்க போட்டிருக்கற வேலை செய்யற வரம்பு 0ல இருந்து 70 டிகிரி. அதுக்கு மேல போனாலும் உடனே சாகாது, ஒரு எல்லை தாண்டினதும் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தை வெட்டிக்கும், அந்த எல்லை மாடலுக்கு மாடல் மாறும், பெரும்பாலும் 75, 85 அந்த வட்டத்துல. டிஸ்க் 100 பர்சன்ட், வேகம் 2 எம்பின்னு நீங்க பாத்தது அது தான். விண்டோஸ் எழுதச் சொல்லுது, எஸ்எஸ்டி இரு வர்றேன்னு உக்காந்திருக்கு, விண்டோஸும் காத்துட்டு நிக்குது. ப்ராசசர் சும்மா தான் இருக்கு, அதான் மவுஸ் நகருது.

இதை உறுதியா தெரிஞ்சுக்க ஒரு வழி உண்டு. ஸ்மார்ட்மான்டூல்ஸ்னு ஒரு ஃப்ரீ டூல், விண்டோஸுக்கும் இருக்கு. என்விஎம்இ டிரைவ்கள் தான் எத்தனை நிமிஷம் வார்னிங் சூட்டுக்கு மேல இருந்தோம்னு தானே கணக்கு எழுதி வெச்சுக்கும், அந்த ரிப்போர்ட்ல வார்னிங் காம்பொசிட் டெம்பரேச்சர் டைம்னு ஒரு வரி வரும், அடுத்த வரி கிரிட்டிக்கல்னு வரும். முதல் வரில நம்பர் ஏறியிருந்து ரெண்டாவது சைபரா இருந்தா டிரைவ் அவஸ்தைப்பட்டிருக்கு, ஆனா உயிருக்கு ஆபத்து வரலைன்னு எடுத்துக்கலாம். மீடியா எர்ரர்ஸ்னு இருக்கறது சைபரா இருக்கணும், அதையும் பாருங்க.

எஸ்எஸ்டி ஏன் இப்படி வேகுதுன்னா, இந்த டப்பாக்கள்ல ஃபேன் இருக்கறது போர்டோட ஒரு பக்கம், எஸ்எஸ்டி இருக்கறது பெரும்பாலும் அடுத்த பக்கம், அடித்தகடுக்கும் போர்டுக்கும் நடுவுல. ஃபேன் காத்து அங்க எட்டியே பாக்காது. மேல போர்டு சூடு, பக்கத்துல ரேம் சூடு, கீழ தகடு, தகடுக்குக் கீழ ரெண்டு மூணு மில்லிமீட்டர் ரப்பர் கால், அதுக்கும் கீழ மரம். மரத்துல சூடு இறங்காது. அதனால எஸ்எஸ்டியை அந்த அடித்தகடோட ஒட்ட வைக்கணும், தகடு மெட்டலா இருந்தா. தெர்மல் பேட்னு ரப்பர் மாதிரி மெத்து மெத்துனு ஷீட் விக்கும், எஸ்எஸ்டிக்கும் தகடுக்கும் நடுவுல அதை வெச்சா தகடே ஹீட்சிங்க் ஆயிடும். அது எப்படிப் போடறதுன்னு பேஸ்ட்மாஸ்டர் சொல்லட்டும், அவர் கை தான் அதுல தேர்ந்த கை.

இப்போ சிபியு. 6 வாட் சிப்புனு சொன்னேன்ல, உங்களுது 19 வாட் இழுக்குது, எப்படி? பயாஸ்ல, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கற செட்டிங் மெனுல, பிஎல்1, பிஎல்2னு ரெண்டு பவர் லிமிட் அளவு இருக்கும். பிஎல்2ங்கறது கொஞ்ச நேரத்துக்கு மட்டும் தாராளமா இழுத்துக்கோன்னு கொடுக்கறது, பெரும்பாலும் 28 செகண்டு கணக்கு. பிஎல்1ங்கறது நாள் பூரா இழுக்கலாம்னு கொடுக்கறது. டப்பா செய்யறவங்க டெஸ்ட்ல நல்ல ஸ்கோர் வரணும்னு பிஎல்1ஐ 15, 20, சிலர் 25னு கூட ஏத்தி வெச்சுடறாங்க, கூலர் மட்டும் அதே தீப்பெட்டி சைஸ் தான். அந்த டெஸ்ட் வீடியோ எல்லாம் பெரும்பாலும் 22 டிகிரி மாதிரி ஏசி ரூம்ல எடுத்தது. ஹீட்சிங்க்ல சூடு ஏறறது சுத்தி இருக்கற காத்துக்கு மேல தான், அதே வாட், அதே ஃபேன் வேகம்னா காத்து எத்தனை டிகிரி கூடுதோ சிப்பும் கிட்டத்தட்ட அத்தனை டிகிரி கூடும். அவங்க ரூம்ல 73 காட்டினா உங்க தட்டுக்குள்ள 45ல தொண்ணூத்தி ஆறு. கணக்கு சரியா இருக்கு பாருங்க, உங்க பேஸ்ட் ஒண்ணும் மோசமா இல்ல.

உங்க நம்பரையே எடுத்துக்கலாம். 96ல 45 போனா 51. அதை 19 வாட்டால வகுத்தா வாட்டுக்கு 2.7 டிகிரி சுமார். டப்பாவை தட்டுல இருந்து வெளிய 37 டிகிரி காத்துக்கு கொண்டு வந்து, பிஎல்1ஐ 12 வாட் ஆக்கினா, 12ஐ 2.7ஆல பெருக்கி 32, கூட 37, மொத்தம் 69, எழுபதுனு வெச்சுக்கோங்க. ஃபேன் வேகம் குறைஞ்சா இன்னும் கொஞ்சம் ஏறும், ஏறட்டும், 80 வரைக்கும் எனக்கு கவலையே இல்ல.

ஸ்பீடு குறையாதான்னு கேப்பீங்க. உங்க வேலைல தெரியாது. அப்ளிகேஷன் ஃபார்ம் திறக்கறது, போட்டோ வெட்டறது எல்லாம் சில செகண்டு வேலை, அதுக்கு பிஎல்2 இருக்கு, அதை 20லயே விட்டுடுங்க. நாள் முழுக்க வீடியோ ரெண்டர் பண்றவங்களுக்கு தான் பிஎல்1 உறைக்கும். வாட்டும் ஸ்பீடும் நேர்கோட்டுல போகாது, ஸ்பீடு ஏற ஏற வோல்டேஜும் ஏத்தணும், வோல்டேஜ் ஏறினா வாட் அதோட இருமடி கணக்குல ஏறும், அதனால கடைசி கொஞ்சம் ஸ்பீடுக்கு தான் நிறைய வாட் செலவாகுது, அதை வெட்டினா நஷ்டம் கம்மி.

பயாஸ்ல அட்வான்ஸ்டு, அதுக்குள்ள பவர் அண்ட் பெர்ஃபார்மன்ஸ், அதுக்குள்ள சிபியு பவர் மேனேஜ்மென்ட்னு போனா பவர் லிமிட் 1னு இருக்கும். நிறைய பயாஸ்ல மில்லிவாட்ல கேக்கும், அதனால 12னு போடாதீங்க, 12000னு போடணும். மாத்தறதுக்கு முன்னாடி அந்த ஸ்க்ரீனை போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, பக்கத்துல இருக்கற வேற எதையும் தொடாதீங்க. பயாஸ்ல அந்த மெனுவே இல்லைன்னா த்ராட்டில்ஸ்டாப்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, லாக் ஆகாம இருந்தா அதுல மாத்தலாம்.

இதெல்லாம் செய்யறதுக்கு முன்னாடி இடத்தை மாத்துங்க. காசு செலவில்லாத வேலை அது தான், உங்க கேஸ்ல எட்டு டிகிரி சூடு அங்கயே குறையும்.

---

யாழ்பெட்டி எழுதியது:

வணக்கம், நான் யாழ்ப்பாணத்தில இருந்து. எங்கட வீட்டில உதே என்100 பெட்டி ஒண்டு டிவிக்குப் பின்னால கொழுவி வச்சிருக்கிறம், லினக்ஸ் போட்டு படம் பாக்கிறதுக்கும் வீட்டு ஃபைலுகள் வைக்கிறதுக்கும். வாட்கணக்கு அண்ணை சொன்னதோட ஒரு விஷயம் சேர்க்க வேணும். பெட்டி சும்மா இருக்கேக்க எவ்வளவு வாட் எடுக்குது எண்டு பாத்தீங்களோ? என்100 பெட்டி ஒண்டும் செய்யாம இருந்தா சுவரில இருந்து மொத்தமா 10 வாட்டுக்குள்ளதான் எடுக்கும். அதுக்கு மேல நெடுக எடுத்துக்கொண்டிருந்தா பின்னால ஏதோ ஓடுது எண்டு அர்த்தம்.

கடையில கூடுதலா நடக்கிறது என்னெண்டா, ஒரு டாப்பில யூடியூப்பில பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். என்100க்கு ஏவி1 எண்ட புது வகை வீடியோவைக்கூட ஹார்ட்வேரில திறக்கிற வசதி உள்ளுக்கயே இருக்கு, சிபியுவுக்கு வேலையே இல்லை. ஆனா ப்ரவுசரில ஹார்ட்வேர் ஆக்சலரேஷன் ஆஃப் ஆகிக் கிடந்தா சிபியுதான் முழுக்கச் சுமக்கும், பாட்டு ஓடுற நேரம் முழுக்க பெட்டி கொதிக்கும். டாஸ்க் மேனேஜரில ஜிபியு பக்கத்தில வீடியோ டிகோட் எண்டிருக்கிறது அசையுதோ எண்டு பாருங்கோ. அசையாட்டி ப்ரவுசர் செட்டிங்கில போய் அதை ஆன் பண்ணுங்கோ.

மற்றது, இடமில்லை எண்டு மானிட்டருக்குப் பின்னால கொழுவப் போறீங்கள் எண்டா அந்த பிராக்கெட்டை நேரா மானிட்டரோட ஒட்ட வைக்காதேங்கோ. மானிட்டரின்ர சூட்டுக் காத்து மேல்பக்க ஓட்டையால வரும், அதுக்கு நேர மேல பெட்டி இருக்கப்படாது. நாங்கள் நீட்டு ஸ்க்ரூவும் வொஷரும் போட்டு ஒரு விரலளவு இடைவெளி விட்டு வச்சிருக்கிறம், நல்லா இருக்கு.

---

பேஸ்ட்மாஸ்டர் எழுதியது:

வாட்கணக்கு தலைவர் நம்ம பேஸ்ட் வியாபாரத்துல மண்ணை போட்டுட்டார். ஆனா எஸ்எஸ்டி 84ங்கறதை பாத்த பிறகு நான் எதிர்த்து பேச முடியாது. இருந்தாலும் ஒண்ணு சொல்றேன், ரெண்டு வருஷம் தாண்டின டப்பாவா இருந்தா பேஸ்ட் மாத்தறது வீண் இல்ல. உங்களுது புதுசு, விடுங்க.

பேட் போடறது இப்படி. அடித்தகடு நாலு ஸ்க்ரூல தான் நிக்கும், அதை கழட்டறதுக்கு முன்னாடி வாரன்டி ஸ்டிக்கர் ஸ்க்ரூ மேல இருக்கான்னு பாருங்க, ரேம், எஸ்எஸ்டி மாத்த திறக்கலாம்னு நிறைய பேர் மேனுவல்லயே சொல்லியிருப்பாங்க, சந்தேகம்னா வாங்கின இடத்துல ஒரு போன் போட்டு கேட்டுக்கோங்க. சில டப்பால தகடோட ஒரு குட்டி ஒயரோ சாட்டா ரிப்பனோ ஒட்டிட்டு வரும், வெடுக்குனு இழுக்காதீங்க.

எத்தனை மில்லிமீட்டர் பேட்ங்கறது தான் எல்லாரும் தடுமாறற இடம். பசங்க விளையாடற க்ளே கொஞ்சம் எடுத்து, மெல்லிசு பாலிதீன் கவர்ல சுத்தி, எஸ்எஸ்டி மேல ஒரு குண்டுமணி அளவு வெச்சு, தகடை மூடி ஸ்க்ரூவை டைட் பண்ணி, திரும்ப திறங்க. க்ளே அமுங்கி எவ்வளவு தடிமன்ல நிக்குதோ அது தான் இடைவெளி. அதை விட அரை மில்லிமீட்டர் அதிகமா இருக்கற பேட் வாங்குங்க. தாராளமா இருக்கட்டும்னு ரெண்டு மடங்கு தடிமன் போட்டா எஸ்எஸ்டி வளையும், அது ஒரு முனைல சாக்கெட், இன்னொரு முனைல ஸ்க்ரூ, நடுவுல தாங்க ஒண்ணும் கிடையாது. பேட்டோட ரெண்டு பக்கமும் பாலிதீன் தோல் இருக்கும், ரெண்டையும் உரிக்கணும், ஒண்ணை மட்டும் உரிச்சு போட்டு வந்த கேஸ் எல்லாம் பாத்திருக்கேன். எஸ்எஸ்டி மேல இருக்கற லேபிளை உரிக்காதீங்க, வாரன்டி போயிடும், அது மேலயே பேட் வைங்க.

போட்டதுக்கப்புறம் அடித்தகடு முன்னைவிட அதிகமா சுடும், ஐயோன்னு போன் பண்ணாதீங்க, சூடு வெளிய வருதுன்னு அர்த்தம். அந்த சூடு போறதுக்கு கீழ இடம் வேணும், தண்ணி பாட்டில் மூடி நாலு எடுத்து ரப்பர் காலுக்கு அடில டபுள் டேப் போட்டு ஒட்டிடுங்க.

---

பஞ்சுமில்_ஐடி எழுதியது:

அந்த 0.8 விஷயம் எனக்கு புதுசுங்க, நம்ம ஆபீஸ்ல என்100 எதுவும் இல்ல. கடைவீதி, காத்து இழுக்கற பக்கம் கொசுவலை துண்டு ஒண்ணு ஒட்டி விடுங்க, பேப்பர் நாரு அதுலயே நின்னுக்கும். வாரம் ஒருக்கா துடைக்கணும், துடைக்கலைன்னா வலையே அடைப்பாயிரும், அப்புறம் ஒட்டாமயே இருந்திருக்கலாம். காத்து வெளிய போற பக்கம் ஒட்டவே ஒட்டாதீங்க.

---

கடைவீதி எழுதியது:

அப்டேட் போடறேன். இடத்தை மாத்தியாச்சு, டேபிள் மேலயே மானிட்டர் பக்கத்துல, பிரிண்டர் கீழயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். பாட்டில் மூடியும் ஒட்டியாச்சு, பாக்க தான் கொஞ்சம் கேவலமா இருக்கு. பயாஸ்ல மெனு இருந்துச்சு, பிஎல்1ல 20000னு போட்டிருந்தாங்க, 12000 ஆக்கிட்டேன். ஸ்மார்ட்மான்டூல்ஸ்ல வார்னிங் டைம் 640 நிமிஷம், கிரிட்டிக்கல் 0, மீடியா எர்ரர் 0.

டார்ச் அடிச்சு பாத்தேன், மில் சார் சொன்ன மாதிரியே முக்கால்வாசி அடைப்பு, வெள்ளையா பஞ்சு மாதிரி வந்துச்சு. க்ளே டெஸ்ட்ல ஒரு மில்லிமீட்டர் கிட்ட வந்துது, 1.5 பேட் போட்டேன். யாழ்பெட்டி சொன்னதும் உண்மை தான், வீடியோ டிகோட் அசையவே இல்ல, ப்ரவுசர்ல ஆஃப்ல இருந்துச்சு, என் பையன் ஏதோ கேம் ப்ராப்ளம்னு மாத்தி வெச்சிருக்கான்.

இன்னைக்கு மத்தியானம் கடைல 38 டிகிரி, கத்திரி வெயில். சிபியு மேக்ஸிமம் 76, எஸ்எஸ்டி சும்மா இருக்கும்போது 55, பெரிய காப்பி போட்டப்போ 66ல நின்னுடுச்சு. ஹேங் வரல. ஸ்பீடு குறைஞ்ச மாதிரி எனக்கு தெரியல, போட்டோ எட்டு காப்பி செட் பண்றது அதே நேரம் தான்.

ஒண்ணே ஒண்ணு பாக்கி. ஃபேன் முன்ன மாதிரி கொய்ங்னு கத்தல, ஆனா மெதுவா சுத்தும்போது கிர்ருனு ஒரு சத்தம் வருது, டப்பாவை நிமித்தி வெச்சா நின்னுடுது, படுக்க வெச்சா திரும்ப வருது. இதுக்கும் ஏதாவது செட்டிங் இருக்கா?

---

பேஸ்ட்மாஸ்டர் எழுதியது:

இதுக்கு செட்டிங் கிடையாது தலைவா, பேரிங் தேஞ்சிருக்கு. டப்பாவை திருப்பினா சத்தம் மாறுதுன்னாலே அது தான். இத்தனை நாள் அடைப்போட ஃபுல் ஸ்பீடுல ஓடியிருக்கே. எண்ணெய் விடலாம்னு யாராவது சொல்வாங்க, கொஞ்ச நாளைக்கு அமைதியா இருக்கும், அப்புறம் அந்த எண்ணெய்லயே தூசி ஒட்டி இன்னும் மோசமாகும்.

வாரன்டி இருக்கறதால மொதல்ல வாங்கின இடத்துல ஃபேன் மட்டும் கேட்டு பாருங்க, அனுப்பி வெப்பாங்க சில பேர். இல்லைன்னா ஃபேன் மேல இருக்கற ஸ்டிக்கரை போட்டோ எடுங்க, அதுல 5 வோல்ட்டா 12 வோல்ட்டா, எத்தனை ஆம்ப்னு இருக்கும், கூடவே எத்தனை ஒயர், மூணா நாலா, ஸ்க்ரூ ஓட்டைக்கு ஓட்டை எத்தனை மில்லிமீட்டர், ஃபேன் தடிமன் எவ்வளவு, எல்லாம் ஸ்கேல் வெச்சு அளந்துக்கோங்க. சென்னை வந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல அந்த போட்டோவை காட்டினா லேப்டாப் பார்ட்ஸ் விக்கற கடைங்கள்ல தேடி எடுத்து கொடுப்பாங்க. 5 வோல்ட் ஃபேனை 12 வோல்ட் போர்டுல மாட்டிடாதீங்க, புகை தான் வரும். கனெக்டர் சைஸ் மட்டும் ஒத்து வரலைன்னா பழைய ஃபேனோட ஒயரை வெட்டி புதுசுல சால்டர் பண்ணிக்கலாம், ஆனா ஒயர் கலரை நம்பாதீங்க, கம்பெனிக்கு கம்பெனி மாறும், போர்டுல எந்த பின் எதுன்னு மீட்டர் வெச்சு பாத்துட்டு தான் சால்டர் வைக்கணும். அது வரைக்கும் டப்பாவை நிமித்தியே வெச்சு ஓட்டுங்க, சாயாம ஒரு புக் ஸ்டாண்ட் முட்டு கொடுத்தா போதும், காத்து ஓட்டைய மட்டும் மறைக்காம பாத்துக்கோங்க.